வைக்கோல் கன்றின் நெற்றி

"கொலை நடந்த வீட்டுக்குள்ள போனதும் முதல்ல யாரைப் பாப்பீங்க மேடம்?"

பல வருடங்களுக்கு முன்பு, வத்தலக்குண்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அல்போன்சா துப்பறியும் தொழில் செய்பவள் என்று தெரிந்துகொண்டு இப்படிக் கேட்டார். "சாகாம மிச்சம் இருக்கிறவங்களை" என்றாள் அல்போன்சா. அவர் சிரித்தார். அடுத்த நிறுத்தத்தில் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

அந்தக் கேள்வி இன்று வெள்ளமடைப்பட்டியின் எல்லையில் அவளுக்கு மறுபடியும் நினைவு வந்தது. ஸ்கூட்டரை ஓட்டிவந்த உதவியாளன் ஃபயாஸ் சட்டென்று பிரேக் பிடித்திருந்தான்.

சாலையோரத்து மாட்டுக்கொட்டத்தில் ஒரு கறுப்புப் பசு கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கயிறு முழுவதும் தறியில் சுற்றிக் கழுத்து இறுகியதும் நின்றது. பிறகு நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்தியது. சுவரைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடப் பார்ப்பதுபோல அழுத்திக்கொண்டே நின்றது. கண்ணில் நீர் வழிந்தது. அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை.

"அக்கா, கல்யாண மாப்பிள்ளை குடிப்பாரா, சூதாடுவாரான்னு விசாரிச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தோம். இந்த மாப்பிள்ளையைப் பாத்தா எனக்கே வேர்க்குது."

"அது பசுமாடுடா."

"அப்ப இன்னும் பயமா இருக்கு."

அல்போன்சா சிரிக்கவில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மாடு வளர்க்கிற ஊரில் சாயங்கால நேரத்தில் தாயைத் தேடிக் கன்றுகள் கத்தும். இங்கே ஒரு குரல்கூடக் கேட்கவில்லை.

காலையில் திண்டுக்கல் நாகல் நகரில் இருந்த அவள் மாடி அலுவலகத்துக்கு முஹ்சினா என்ற பெண் வந்திருந்தாள். பேகம்பூர்த் தோல் வியாபாரி மைதீன் பிச்சையின் மகள். அவள் அழாமல், மூச்சு வாங்காமல் சொன்னாள்.

ஐப்பசி மழையில் வெள்ளமடைப்பட்டியில் கன்றுகள் ரத்தமாகக் கழிந்து வரிசையாகச் செத்தன. கன்று செத்தால் தாய்ப்பசு பாலை அடக்கிக்கொள்ளும். அதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதைத் தன் கன்று என்று நம்பி நக்கும். பால் இறங்கும். மைதீன் பிச்சை அப்படிப்பட்ட தோல் கன்றுகளைத் தன் கையாலேயே தைத்து வீடு வீடாகக் கொடுத்திருந்தார்.

தை கடந்து மாசி பிறந்ததும் பசுக்கள் சாக ஆரம்பித்தன. எல்லாம் அவர் தோல் கன்று கொடுத்த வீட்டுப் பசுக்கள்.

"தோலுக்கு மருந்து பூசி, மாட்டை நக்க விட்டுக் கொல்றாராம். பெரிய தோல் கிடைக்குமாம் அவருக்கு. இன்னிக்குச் சாயந்திரம் சொசைட்டியில பால் ஊத்துற நேரத்துல ஊரே கையெழுத்துப் போட்டு அத்தாவைப் போலீசுல ஒப்படைக்கப் போறாங்க. கூப்பிட்டாங்கன்னு அத்தாவே நேத்து வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாக. வண்டிச் சாவியப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க."

"அவர் என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாக. கடைசியாச் செத்த மாட்டோட தோலைப் புரட்டிப் பாத்துட்டு, வேணாம்னு அங்கயே போட்டுட்டு வந்தாக. அன்னையிலிருந்து சரியாச் சாப்பிடல. விஷம் ஏறின தோலுன்னு தெரிஞ்சுதான் விட்டுட்டுப் போனாருன்னு அதையும் குத்தமாச் சொல்றாங்க."

அல்போன்சா அந்தக் கடைசி விஷயத்தை மனத்துக்குள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

*

பால் சொசைட்டி வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஸ்கூட்டர் வந்து நின்றதும் பேச்சு அடங்கியது. வாசலுக்கு எதிரே தோல் கன்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மரக்குச்சிக் கால்கள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் கேன்.

சொசைட்டி செயலாளர் ராமர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பேச்சில் மரியாதை இருந்தது. கண்ணில் இல்லை.

"ஏம்மா, மாடு செத்தா டாக்டரு வருவாக. துப்பறியிறவுக எதுக்கு?"

"செத்ததுக்கு டாக்டர். கொன்னதா நீங்க சொல்றீங்களே, அதுக்கு நான்."

"சரி, கேட்டுக்கங்க. ஊருல காளை சாகல. கன்னு போடாத கிடேரி சாகல. கன்னு உசுரோட இருக்கிற மாடு சாகல. பால் வத்துன மாடும் சாகல. இந்த பாய் பொம்மை குடுத்த வீட்டுக் கறவை மாடு மட்டும் சாகுது. தை மாசம் சந்தையில கன்னு இல்லாம வாங்கியாந்த என் வீட்டுச் செவப்பிதான் முதல்ல செத்துச்சு. இப்பக் கருப்பி சுத்திக்கிட்டுக் கிடக்கு. இதுக்கு மேல என்னத்தத் துப்பறியப் போறீக?"

கூட்டம் முணுமுணுத்தது. ராமர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. அதுதான் அல்போன்சாவுக்குக் கவலையாக இருந்தது.

உள்ளே மைதீன் பிச்சை கவிழ்த்துப் போட்ட பால் கேனில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. முஹ்சினா சுவரோரம் நின்றிருந்தாள்.

"பாய், தோலுக்கு என்ன பூசுவீங்க?"

"உப்பு. கொஞ்சம் மஞ்சத்தூளு."

"வேற?"

"வேற எதுக்கும்மா? மாடு நக்குற பொருளு."

"கடைசித் தோலை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

அவர் நிமிர்ந்தார். வாசலை அடைத்து நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ராமரின் முகத்தில் சற்று அதிக நேரம் பார்வை நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தோலு சரியில்ல."

அவ்வளவுதான். முஹ்சினா, "அத்தா, எதாச்சும் சொல்லுங்கத்தா" என்றாள். அவர் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அல்போன்சா வெளியே வந்தாள். ஃபயாஸ் குவியலின் முன்னால் குந்தியிருந்தான். வயிறு பிரிந்துபோன ஒரு தோல் கன்றுக்குள் கையை விட்டு எதையோ துழாவியவன், மெதுவாகக் கையை வெளியே எடுத்தான்.

"அக்கா, கன்னுக்குட்டி முட்டை போட்டிருக்கு!"

அவன் உள்ளங்கையில் ஒரு கோழிமுட்டை இருந்தது. கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி, ராமர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அல்போன்சா குனிந்து இன்னொரு கன்றின் முகத்தைத் திருப்பினாள். நெற்றி ரோமத்தில் மாட்டுப் பொங்கலன்று வைத்த குங்குமம் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. அடுத்த கன்றிலும் குங்குமம். அதற்கடுத்ததில் காதுக்கும் கழுத்துக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. மூக்கில் விரல் கனத்துக்குத் தூசி.

"ஊர்க் கன்னு எல்லாம் வந்திருச்சா?" என்றாள்.

"ஒண்ணு வரல" என்றான் பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவன். பைக்கின் இரண்டு பக்கமும் அலுமினியத் தூக்குவாளிகள் தொங்கின. ஊர்ப் பசுக்களை வீடு வீடாகப் போய்க் கறக்கும் முகேஷ்குமார் அவன்தான். "பழனியம்மாக்கா தரமாட்டேங்குது. அவங்க மாடும் இன்னிக்கோ நாளைக்கோ, பாவம்."

"அந்த மாடு இன்னும் சாகலையா?"

"இதுவரைக்கும் சாகல."

அல்போன்சா ராமரைப் பார்த்தாள். "பால் ஊத்தி முடியிறவரைக்கும் எதையும் கொளுத்த வேணாம். யாரும் கையெழுத்துப் போட வேணாம். சித்த நேரம் குடுங்க."

"பொழுது சாயிறவரைக்கும்தான்" என்றார் ராமர். "அதுக்குப் பெறகு ஆளுகளை என்னால பிடிச்சு வைக்க முடியாது."

*

பழனியம்மாள் கதிர் அரிவாளோடு வாசலில் நின்றிருந்தாள். ஒல்லியான, நடுவயதுப் பெண். கத்தரித் தோட்டத்தின் ஓரத்தில் ஓடு வேய்ந்த வீடு.

"கன்னை எடுக்கத்தான வந்தீக? கிட்ட வந்தீகன்னா வெட்டிருவேன்."

"நாங்க எடுக்க வரல, பாக்க வந்தோம்" என்றான் ஃபயாஸ், அல்போன்சாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டு. "அக்கா முன்னாடி நிப்பாங்க. வெட்டுறதா இருந்தா வரிசையில வாங்க."

பழனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிவாளைக் கூரையில் செருகினாள்.

பின்பக்கம் சிவப்பில் வெள்ளைத் திட்டுகள் விழுந்த ஒரு பசு நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. கண் தெளிவாக இருந்தது. ஈ மொய்த்தபோது வாலைச் சுழற்றி விரட்டியது. பழனியம்மாள் நெல்குதிருக்குப் பின்னாலிருந்து தோல் கன்றைத் தூக்கிவந்து வெளிச்சத்தில் வைத்தாள்.

அதன் நெற்றியில் ஒரு மயிர் இல்லை. கழுத்திலும் முதுகிலும் இல்லை. தோல் வழவழவென்று செருப்பின் உள்பக்கம்போல மின்னியது. ஒரு காது தேய்ந்தே போயிருந்தது.

"எங்க மாமா தலை மாதிரி இருக்கு" என்றான் ஃபயாஸ்.

"கார்த்திகையிலேருந்து ரெண்டு வேளையும் நக்குதுல்ல. நக்க நக்கத்தான் அதுக்கு மடி சொரக்கும். அவசரப்பட்டா ஆகாது. அது பாட்டுக்கு நக்கட்டும்னு உக்காந்திருக்கணும்."

அல்போன்சா அந்த வழுக்கை நெற்றியில் கையை வைத்தாள். "ஃபயாஸ், தோல்ல விஷம் இருந்தா ஊர்ல முதல்ல செத்திருக்க வேண்டிய மாடு எது?"

ஃபயாஸின் வாய் பாதியில் நின்றது. "இந்த மாடு. இம்புட்டு நக்கியிருக்கே!"

"அங்க குவிஞ்சு கிடக்கிறதுல பொங்கல் குங்குமம்கூட அழியல. முட்டை போட்ட கன்னை எந்த மாடு நக்கும்? செத்த மாடு எதுவும் தோல் கன்னை நக்கவே இல்லை. நக்கின மாடு சாகவே இல்லை."

"அப்பப் பாயை விட்டுருவாங்கள்ல? வாங்கக்கா, போய்ச் சொல்லுவோம்."

"பொறு. வேற எது கொல்லுதுன்னு கேப்பாங்க. பதில் இல்லாமப் போனா அந்தக் கேனை நம்ம தலையிலதான் ஊத்துவாங்க." அல்போன்சா பசுவின் மடியைப் பார்த்தாள். "கன்னு செத்த மாடு சும்மா பால் இறக்காது. தோல் கன்னையும் நக்கல. அப்ப இந்த நாலு மாசமா அந்த மாடுகள்ல பால் எப்படி இறங்குச்சு?"

பழனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "முகேசுக்குக் கைராசின்னு சொல்லுவாக. கன்னே வேணாம், உக்காந்தவுடனே மடி நெறஞ்சிரும்பான். என் மாட்டையும் கறக்க வந்தான். 'அந்தப் பக்கம் போங்கக்கா, கறக்கிறப்ப யாரும் பாத்தா கைராசி போயிரும்'னான். என் மாட்டை நான் பாக்கக்கூடாதா? நானே கறந்துக்கிறேன், நீ போடான்னுட்டேன்."

தோட்டத்து வேலிக்கு அப்பால் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

*

திரும்பும் வழியில், கடைசியாகச் செத்த மாட்டின் தோல் ஒரு கொட்டத்தின் பின்னால் சுருண்டு கிடந்தது. அதைப் புரட்டச் சொன்னாள் அல்போன்சா. ஃபயாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு குச்சியால் புரட்டினான். உள்பக்கத்தில் கழுத்து இருந்த இடத்தை அவள் குனிந்து பார்த்தாள். பிறகு ஊர் எல்லையில் பார்த்த கறுப்புப் பசுவின் கொட்டத்தை நோக்கி நடந்தாள்.

கருப்பி இப்போது சுற்றவில்லை. தலையைச் சுவரில் சாய்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் கௌசல்யா அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். ரெட்டியார்சத்திரத்திலிருந்து மறுபடியும் வந்திருந்தார். அடுத்த தறியில் ராமரின் வெள்ளைப் பசு நின்றது.

"விஷம் இல்லைங்க" என்றார் எழுந்து. "போன வாரம் இன்னொரு மாட்டுல ரத்தம் எடுத்தப்ப காய்ச்சல் இறங்கியிருந்துச்சு. ஒண்ணும் சிக்கல. இன்னிக்கு மத்தியானம் இதுக்குக் காய்ச்சல் உச்சத்துல இருக்கிறப்ப எடுத்துக்கிட்டுப் போனேன். மைக்ராஸ்கோப்ல பாத்தா ரத்த அணுக்களுக்கு நடுவுல மீன்குஞ்சு மாதிரி நெளிஞ்சு ஓடுது. சர்ரான்னு ஒரு நோய். ஒரே ஒரு செல் உள்ள உயிரி."

"ஒரு செல்லா?" என்றான் ஃபயாஸ். "அது இம்புட்டுப் பெரிய மாட்டைச் சுத்த விடுதா?"

"மூளைக்குப் போனா அப்படித்தான் சுத்தும், முட்டும். கலப்பின மாடு சீக்கிரம் சாஞ்சிரும்."

"எப்படிப் பரவும் டாக்டர்?" என்றாள் அல்போன்சா.

"ஒரு மாட்டு ரத்தம் இன்னொரு மாட்டு உடம்புக்குள்ள போகணும். பெரும்பாலும் கடிக்கிற ஈ கொண்டு போகும். ஆனா..." கௌசல்யா நெற்றியைச் சுருக்கினார். "ஈயா இருந்தா காளையையும் கடிக்கும், கிடேரியையும் கடிக்கும். கன்னு செத்த மாடா பாத்துக் கடிக்கத் தெரியாது. அதுதான் எனக்குப் புரியல. மருந்து இருக்கு, போடப்போறேன். ஆனா பரவுற வழியை அடைக்காம மருந்து போட்டா, திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும். ஒரு கறவை மாடு மிஞ்சாது."

அல்போன்சா கருப்பியின் இடது கழுத்தில் விரல்களை ஓட்டினாள். தோலுக்கு அடியில் பட்டாணி பட்டாணியாக முடிச்சுகள். சாகக் கிடந்த அந்த நிலையிலும் அவள் கை பட்டதும் பசு கழுத்தை இழுத்துக்கொண்டது.

"டாக்டர், இந்த இடத்துல நீங்க ஊசி போட்டிருக்கீங்களா?"

"இல்லையே. இதுவரைக்கும் இந்த மாட்டுக்கு நான் ஊசியே போட்டதில்ல."

மூவரும் அந்த முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொசைட்டிப் பக்கத்திலிருந்து மண்ணெண்ணெய் வாசம் வந்தது.

*

கேனின் மூடி திறந்திருந்தது. ஊர் முழுவதும் அங்கே இருந்தது. தூக்குவாளிகளோடு பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். கருப்பி இனிப் பிழைக்காது என்ற செய்தி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"பொழுது சாஞ்சிருச்சும்மா" என்றார் ராமர்.

"ஒரே ஒரு காரியம். உங்க வெள்ளைப் பசுவைக் கொண்டாந்து இங்க கட்டுங்க. அதுக்கும் கன்னு செத்துருச்சுல்ல? முகேஷ்குமார் எல்லார் முன்னாலயும் அதைக் கறக்கட்டும்."

முகேஷ்குமாரின் முகம் மாறியது. "ஆளுக பாத்தா கைராசி போயிருங்க."

"போனா போகட்டும் மாப்ள" என்று ஃபயாஸ் அவன் தோளில் கை போட்டான். "பால் வந்தாப் போதும்."

ராமர் தயங்கினார். கூட்டம் அவரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் பசுவைக் கொண்டுவரச் சொன்னார்.

முகேஷ்குமார் குத்தவைத்து உட்கார்ந்தான். விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு காம்பை இழுத்தான். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடியும் இழுத்தான். அல்போன்சா குவியலிலிருந்து ஒரு தோல் கன்றை எடுத்துப் பசுவின் முன்னால் வைத்தாள். பசு அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி முகேஷ்குமாரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வியர்வையைத் துடைக்க அவன் கையைத் தூக்கினான். பசுவின் இடது கழுத்துத் தோல் மட்டும் தனியாகத் துடித்தது.

"ஃபயாஸ், உன் பேனாவைக் குடு."

அல்போன்சா பேனாவை அந்தக் கழுத்தின் பக்கம் கொண்டுபோனாள். பசு பின்வாங்கிக் கயிற்றை இழுத்தது. அதன் உடம்பு முழுவதும் நடுங்கியது.

ஃபயாஸ் முகேஷ்குமாரின் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டான். ஒரு சின்ன மருந்து பாட்டிலும் ஒரு ஊசிக்குழாயும் வந்தன. ஊசியின் அடியில் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

"பால் இறங்குற ஊசி" என்றாள் அல்போன்சா. "ஒரே ஊசி. வீட்டுக்கு வீடு, மாட்டுக்கு மாடு. நடுவுல மாத்துவியா?"

"தண்ணியில கழுவுவேன்" என்றான் அவன்.

"ஒரு மாட்டு ரத்தத்துல இருக்கிற நோயை அடுத்த மாட்டுக்கு நீதான் கொண்டுபோய்ச் சேத்திருக்கே. ராமர் அண்ணே, நீங்கதான் சரியாச் சொன்னீங்க. காளைக்குப் பால் ஊசி வேணாம். கிடேரிக்கு வேணாம். பால் வத்துனதுக்கு வேணாம். கன்னு இருக்கிற மாட்டுக்கும் வேணாம். கன்னு செத்த கறவைக்கு மட்டும்தான் வேணும். அந்த வீட்டுக்குத்தான் பாயும் தோல் கன்னு குடுத்தாரு. பழனியம்மா மட்டும் ஊசி போடல. தோல் கன்னை நக்க விட்டாங்க. அந்த மாடு நிக்குது."

பழனியம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். தன் வழுக்கைக் கன்றைக் குழந்தையைப்போல இடுப்பில் வைத்திருந்தாள்.

"அடிங்கடா அவனை!" என்று ஒரு குரல் கிளம்பியது. நாலைந்து பேர் முகேஷ்குமாரை நோக்கிப் பாய்ந்தார்கள். அவன் பசுவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு கத்தினான்.

"நானா ஆசைப்பட்டுப் போட்டேன்? ஒவ்வொரு வீட்டுலயும் என்கிட்ட என்னாண்டு சொன்னீக? 'பக்கத்து வீட்டுக்குத் தெரியாமப் போடு முகேசு'ன்னு சொல்லல? சுகன்யாக்கா, நீங்க சொல்லல? நீங்க சொல்லலையாண்ணே? மருந்து பாட்டிலை வாங்கிக் குடுத்தது யாரு? ராமரண்ணனை என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க!"

பாய்ந்தவர்கள் நின்றார்கள். சுகன்யா என்ற பெண் தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தன் வீட்டில் மட்டும்தான் ஊசி என்று இதுவரை ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

"தை மாசம் சந்தையில வாங்கின உங்க செவப்பிக்கு வரும்போதே காய்ச்சல் இருந்துச்சா, ராமர் அண்ணே?" என்றாள் அல்போன்சா.

ராமர் உதட்டைக் கடித்தார். "லேசா இருந்துச்சு. சந்தைக்கு நடந்து வந்த அலுப்புன்னு நெனச்சேன்."

"அது செத்தப்பவே உங்களுக்கு ஊசி மேல சந்தேகம் வரலையா?"

அவர் பெண்களின் தூக்குவாளிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வந்துச்சு. ஊசி போட்ட பாலுன்னு வெளிய தெரிஞ்சா இந்த ஊருப் பாலை எவன் வாங்குவான்? ஊரே இதை நம்பித்தான் கஞ்சி குடிக்குது."

"அதுக்காக இவரு ஜெயிலுக்குப் போகணுமா?"

கௌசல்யா முன்னால் வந்தார். "நாளைக்குக் காலையில எல்லா மாட்டையும் பிடிச்சு வைங்க. ரத்தம் பாக்கணும். நோய் இருக்கிறதுக்கு மருந்து போடுவேன், மாட்டுக்கு ஒரு புது ஊசி. நோய் உள்ள மாட்டைத் தனியாக் கட்டுங்க. சாணிக் குப்பையை அப்புறப்படுத்துங்க, சாயந்திரம் மூட்டம் போட்டு ஈயை ஓட்டுங்க. இனிமே புது மாடு வாங்குனா ரத்தம் பாக்காம மத்த மாட்டோட சேக்காதீங்க. இந்தப் பால் ஊசியை இன்னிக்கோட விடலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம், செத்த மாட்டைத் தோலுரிக்காமப் புதைங்க."

தோல் என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லோரும் சொசைட்டிக்குள் பார்த்தார்கள்.

மைதீன் பிச்சை எழுந்து வாசற்படியில் நின்றிருந்தார். அல்போன்சா அவரிடம் திரும்பினாள்.

"பாய், நீங்க விட்டுட்டுப் போன தோலை நாங்க பாத்தோம். உள்பக்கம், கழுத்துல, வரிசையாக் கறுப்புப் புள்ளி. ஊசி ஏறி ஏறிக் கட்டிப்போன இடம். இம்புட்டு வருசமாத் தோலைப் புரட்டிப் பாக்குறவர் நீங்க. அது என்னன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருச்சுல்ல?"

முஹ்சினா அதிர்ந்து தன் தகப்பனைப் பார்த்தாள். கூட்டமும் அப்போதுதான் புரிந்துகொண்டது. நேற்றிலிருந்து அந்தப் பால் கேனில் உட்கார்ந்து, ஊர் தன்மேல் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவர் தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது வாய் திறந்து உண்மையைச் சொல்வார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஏன் பாய் சொல்லல?" என்றார் ராமர். சட்டைப் பையிலிருந்து மொபெட் சாவியை எடுத்து நீட்டினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... உள்ள வாங்க பாய். ஒரு டீ சாப்டுட்டுப் போகலாம்."

மைதீன் பிச்சை சாவியை வாங்கிக்கொண்டார். தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. குவியலைத் தாண்டும்போது அவர் அதைப் பார்க்கவில்லை. பழனியம்மாளின் பக்கத்தில் மட்டும் ஒரு கணம் நின்றார். அவள் இடுப்பில் இருந்த கன்றின் வழுக்கை நெற்றியைப் புறங்கையால் ஒரு தடவை தடவினார்.

ஃபயாஸ் மண்ணெண்ணெய் கேனின் மூடியைத் திருகி மூடினான்.

முஹ்சினா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மைதீன் பிச்சை மொபெட்டை மிதித்துக் கிளப்பினார். ராமர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல், மைதீன் பிச்சை திண்டுக்கல் ரோட்டில் போய்விட்டார்.